தகர டப்பா ஆய்வு: கூடலூர் வட்டாரத்து இளையோரின் சில்லறைச் செல்வங்கள் குறித்து

1. ஆய்வின் தேவையும் டப்பாவின் இலக்கணமும்

கூடலூரைப் பற்றி அறிஞர் பெருமக்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். யானை வழித்தடம் ஒரு பக்கம், பச்சைத் தேயிலை விலை ஒரு பக்கம். நிலத் தகராறு பற்றிய தீர்ப்புகளை மட்டும் அடுக்கினாலே தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக் கூரையை எட்டும். அந்தக் கூரைக்குச் சற்றுக் கீழே, அடுப்புக்கு மேலுள்ள பரணில், கம்பி ஒடிந்த குடைக்கும் போன வருஷத்துக் காலண்டருக்கும் பின்னால் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் இலக்கணம். தகர டப்பா என்பது, பத்து வயதுக்கு மேல் இருபது வயதுக்குள் உள்ள ஒருவர், வீட்டார் குப்பை என்று கருதும் பொருட்களை, வீட்டார் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு இட்டு வைக்கும் கலம். இவ்விலக்கணம் அதிவியாத்திக் குற்றம் உடையது அன்றோ, பயனற்ற பொருள், பிறர் தொடக்கூடாமை ஆகிய இரண்டும் தாலுகா ஆபீஸ் கோப்புக்கும் பொருந்துமே எனின், பொருந்தாது. கோப்பைத் திறந்து பார்ப்பவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றுவதில்லை. டப்பாவைத் திறப்பவர் முகத்தில் தோன்றும். இதுவே வேறுபாடு என்க.

ஆய்வின் முதன்மைத் தகவலாளர், என்னை மாமா என்றழைக்கும் உறவுமுறையுள்ள, பிளஸ் டூ படிக்கும் பெண். அணுகியபோது நடந்த உரையாடலைத் திருத்தமின்றித் தருகிறேன்.

"டப்பாவைக் கொஞ்சம் திறந்து காட்டேன் பாப்பா."

"எதுக்கு மாமா?"

"ஆராய்ச்சிக்கு."

"அண்ணனும் அப்பிடிச் சொல்லித்தான் வாங்கிப் பார்த்துச்சு. உள்ள இருந்த பத்து ரூவா காயினைக் காணோம்."

ஆய்வுலகின் மீது அடுத்த தலைமுறைக்கு உள்ள நம்பிக்கை இவ்வளவுதான். பிறகு பழம்பொரி வாங்கிக் கொடுத்து அனுமதி பெறப்பட்டது. பல்கலைக்கழகத்தில் அறநெறிக் குழு என்று ஒன்று இருந்திருந்தால் இதைக் கையூட்டு என்று எழுதியிருக்கும். கூடலூரில் இதற்கு நாலு மணிப் பலகாரம் என்று பெயர்.

2. நிலமும் பொழுதும்

முதற்பொருளில் தொடங்குவது நம் மரபு. நிலம்: ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் இறங்கினால் கூடலூர். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். ஊட்டிக்காரர்களுக்கு இது 'கீழே'. நாடுகாணி ஏற்றம் ஏறி வரும் நிலம்பூர்க்காரர்களுக்கு 'மேலே'. மைசூர் லாரிக்காரர்களுக்கு டீக்கு நிறுத்துமிடம். 1877 வரை மலபார் மாவட்டத்தின் தென்கிழக்கு வயநாடாக இருந்து, பிறகு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அதனால் ஒரே மளிகைக் கடையில் தமிழில் பொருள் கேட்டு, மலையாளத்தில் விலை குறைத்து, கன்னடத்தில் சில்லறை வாங்கிக்கொள்ளலாம். பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் தமக்குள் பேசிக்கொள்வது இம்மூன்றிலும் சேராது.

பொழுதுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசியில்தான் குடை தேடும். கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதம் பிடித்தால் ஓணம் நெருங்கும் வரை விடாது. துவைத்த யூனிஃபார்ம் காய அடுப்பங்கரைக் கொடியே கதி. பெல்ட், செருப்பு, சாமி படம், தோல் பர்ஸ் எல்லாவற்றிலும் பூசணம் பூக்கும். இந்தப் பூசணம் நம் ஆய்வுக்கு முக்கியம். புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்ற கோட்பாட்டைச் சமவெளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்து ஏமாந்திருக்கிறார்கள். கூடலூர்ப் பிள்ளைகள் ஏமாறவில்லை. ஜூலையில் வைத்து ஆகஸ்டில் திறந்தால் இறகைச் சுற்றி வெள்ளையாக ஏதோ முளைத்தே இருக்கும். அது குட்டிதானா என்பதில் மட்டுமே கருத்து வேறுபாடு.

மலைநிலமாகிய குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்பர். பழைய பாடல்களில் யாமத்தில் தலைவன் வருவான், வழியில் யானை இருக்குமே என்று தோழி கவலைப்படுவாள். கூடலூரை ஒட்டிய இன்றைய ஓவேலியிலும் தேவர்சோலையிலும் யானை நேரம் தவறாமல் வருகிறது. கடைசி பஸ் ஒன்பது மணிக்கே போய்விடுவதால் தலைவன் வருவதில்லை. பலா பழுக்கும் மாதங்களில் யானையின் வரவு கூடும். காயாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள் என்று வனத்துறை சொல்வதும், இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்று வீட்டுக்காரர் இழுப்பதும், இரண்டு நாளுக்குள் யானை வந்து பழத்தை எடுத்துக்கொள்வதும் ஆண்டுதோறும் நடப்பவை.

இந்த இடத்தில்தான் டப்பா ஆய்வுக்குள் நுழைகிறது. குறிஞ்சியின் கருப்பொருள்களில் பறை ஒன்று. தினைப்புனம் காத்த பெண்கள் கையில் தட்டையும் குளிரும் தழலும் இருந்தன. இப்போது தட்டுவதற்குக் கைக்கு எட்டுவது தகர டப்பாதான். வாழைத் தோட்டத்தில் சலசலப்புக் கேட்டவுடன் வீட்டு ஆண்கள் பரணில் கைவிட்டு எதையாவது இழுப்பார்கள். மகளின் பொக்கிஷம் கட்டில்மேல் கவிழ்க்கப்படும். டப்பா வாசலுக்குப் போகும். தோசைக் கரண்டியால் அடி விழும். வெளியே அப்பாவும் சித்தப்பாவும் "போ சாமி, போ சாமி" என்று கத்திக்கொண்டிருக்க, உள்ளே அந்தப் பெண் துப்பட்டாவை விரித்து எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொண்டிருப்பாள், அம்மா கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாதென்று. யானைக்குப் பயந்ததைவிட இதற்குத்தான் பயம் அதிகம் என்று தகவலாளர் ஒப்புக்கொண்டார். அவருடைய டப்பாவின் அடிப்பக்கம் கரண்டி பட்டுக் குழிந்திருப்பதை நானே தடவிப் பார்த்தேன். மூடி இன்றும் ஒரு பக்கம் சரியாகப் பொருந்துவதில்லை.

3. கலம்

டப்பாவின் வகையைப் பார்த்தே குடும்ப வரலாற்றைச் சொல்லிவிடலாம். மூடியில் பூப்போட்ட நீல நிற வெண்ணெய் பிஸ்கட் டின்னும், பெரிய மஞ்சள் நிற நிடோ பால்பவுடர் டின்னும் இருந்தால், வீட்டில் யாரோ வளைகுடாவில் வேலை பார்த்தார்கள். பூட்டுப் போடும் ட்ரங்குப் பெட்டி இருந்தால் அது பெரும்பாலும் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி வந்தது. அதைப் பாட்டி தன் சேலைகளுக்கு வைத்துக்கொள்வார், பேத்திக்குக் கிடைக்காது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேமிப்பவர்களும் உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரிவதால் அவர்களைப் பொக்கிஷக்காரர்களாகக் கருத முடியாது. அவர்கள் வெறும் கண்காட்சிக்காரர்கள்.

4. விதைப் படலம்

மேலடுக்கில் கிடைப்பவை விதைகள். தேயிலைக் கொட்டை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கவ்வாத்து வெட்டாமல் விட்ட செடி வெள்ளைப் பூப் பூத்து, பச்சைக் காய் காய்க்கும். அதற்குள் கோலிக்குண்டு அளவில் பழுப்பு நிறக் கொட்டை. தோட்டக்காரர் வேண்டுவது கொழுந்து மட்டும்தான், பூவும் காயும் அவருக்கு நஷ்டம். பிள்ளைகளுக்கு அது இலவசக் கோலி. ஒரே செடியில் இரண்டு பொருளாதாரம்.

அடுத்தது குன்றிமணி. சிவப்பில் கறுப்புப் பொட்டு. இதை வாயில் போடக்கூடாது என்று எச்சரிக்காத அம்மா கிடையாது. அம்மாக்கள் சொல்வது சரிதான், மென்று விழுங்கினால் ஆளைக் கொல்லும் நஞ்சு. முழுச் சிவப்பாக, சற்றுப் பெரிதாக இருப்பது மஞ்சாடி. குருவாயூர் போய் வந்த வீடுகளில் ஒரு கை மஞ்சாடியாவது இருக்கும். பொற்கொல்லர் கணக்கில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இந்தக் கணக்கைக் கூடலூரில் சொல்லும்போது தேவாலாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1880-ஐ ஒட்டி அங்கே தங்கம் இருக்கிறதென்று லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. ஆஸ்திரேலியாவில் சுரங்கம் பார்த்த நிபுணர் வந்து அறிக்கை கொடுத்தார். பங்குகள் பறந்தன. இயந்திரங்கள் மலையேறின. சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. பாறையில் தங்கம் இருந்தது, ஆனால் எடுக்கிற செலவுக்குக் கட்டவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் டப்பாவில் மினுமினுக்கும் காக்காப்பொன் கல் ஒன்று கட்டாயம் இருக்கும். பக்கத்திலேயே குன்றிமணியும் இருக்கும். எடைக்கல் தயார், தங்கம்தான் வரவில்லை. லண்டன் முதலீட்டாளர்கள் கோட்டைவிட்ட மலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கைக்காசு போடாமல் லாபம் பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

விதைகளில் தலையாயது ரப்பர்க் கொட்டை. நாடுகாணி இறக்கத்தில் இறங்கி நிலம்பூர்ப் பக்கம் சித்தி வீடு, அத்தை வீடு என்று போய்வருகிறவர்கள் பை நிறையக் கொண்டு வருவது. வழவழப்பு, பழுப்பில் கறுப்புப் புள்ளிகள், ஒரு பக்கம் சற்றுத் தட்டை. அழகுக்காக வைத்திருப்பதாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். சிமெண்டுத் தரையில் அதை அழுத்தி, விடாமல், மனதுக்குள் இருபது எண்ணும்வரை தேய்த்து, முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கைக்குச் சற்று மேலே வைத்தால் எழும் அலறல்தான் இதன் பயன்.

இதில் ஒளிந்திருக்கும் அறிவியலை மேலோட்டமாக விட முடியாது. 1798-இல் ரம்ஃபோர்டு பிரபு என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். ஜெர்மனியின் மூனிக் நகரில் பீரங்கிக் குழாய் குடையும் இடத்தில், மழுங்கிய குடைகருவியைக் குதிரைகளை வைத்துச் சுழற்றி, குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பில்லாமல் கொதித்ததைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் திரவம் என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருக்கும் ஒன்று எப்படி உள்ளே இருப்பு வைத்த சரக்காக இருக்க முடியும் என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அவருக்கு அரண்மனை ஆதரவும் பீரங்கியும் குதிரைகளும் தேவைப்பட்டன. கூடலூர் ஆறாம் வகுப்பில் அதே உண்மையை ஒரு கொட்டை, ஒரு தரை, ஒரு நண்பன் ஆகிய மூன்றே கருவிகளைக் கொண்டு நிறுவுகிறார்கள். சோதனையை யாரும் எப்போதும் திரும்பச் செய்து பார்க்கலாம், பாதிக்கப்பட்ட நண்பன் மறுநாள் கட்டாயம் திரும்பச் செய்வான். ராயல் சொசைட்டிக்குக் கிடைக்காத வசதி ஒன்றும் இங்கே உண்டு. முடிவை வகுப்பாசிரியர் பிரம்பால் உறுதிசெய்வார்.

முள்ளம்பன்றி முள் பற்றிச் சிலர் கேட்கலாம். முள்ளம்பன்றி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கு. ஆகவே அப்படி எதையும் இக்கட்டுரையாளர் எந்த டப்பாவிலும் பார்க்கவில்லை. பேனாபோல் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிந்தது பேனாவாகவே இருக்கலாம்.

5. சீட்டுப் படலம்

விதைகளுக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்ட கட்டு. பஸ் டிக்கெட்டுகள்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குத் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என மூன்று அரசு வண்டிகளும் வருகின்றன. கேரள வண்டியும் கே.எஸ்.ஆர்.டி.சி., கர்நாடக வண்டியும் கே.எஸ்.ஆர்.டி.சி. இந்த ஐந்தெழுத்து யாருக்குச் சொந்தம் என்று இரு மாநிலங்களும் வணிக முத்திரைப் பதிவகத்துக்குப் போய், 2021-இல் தனக்குச் சாதகமாக முடிவு வந்ததாகக் கேரளம் அறிவிக்க, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. கூடலூர்ப் பிள்ளைகள் இந்த வழக்கைப் பொருட்படுத்தவே இல்லை. எழுத்தைப் பார்த்தால் மொழி தெரிந்துவிடும், வழவழவென்று உருண்டிருந்தால் மலையாளம், தலைக்கட்டுப் போட்டிருந்தால் கன்னடம். கட்டில் இரண்டும் அருகருகே சமாதானமாகத்தான் இருக்கின்றன.

கட்டின் அடியில் மூத்தவர்களிடமிருந்து கைமாறி வந்த பழைய டிக்கெட்டுகள். சில 'சேரன்' காலத்தவை. கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு 1972-இல் தொடங்கிய சேரன் போக்குவரத்துக் கழகம் 1997-இல் மற்றவற்றைப் போலவே பெயர் மாறி, பொதுப்பெயருக்குள் போய்விட்டது. வண்டிகளில் மட்டும் கொஞ்ச நாள் பழைய பெயர் நிழலாகத் தெரிந்தது. அந்தக் காலத்து டிக்கெட் சொரசொரத்த தாள். கண்டக்டர் விரலை நாக்கில் தொட்டு, கட்டிலிருந்து கிழித்து, ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தது. முப்பது வருஷமானாலும் எண் தெளிவாக இருக்கிறது. பிறகு கையடக்க இயந்திரம் வந்தது. கிர்ர் என்று தாள் நீளும். இதில் மை கிடையாது. தாளிலேயே பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கும், அவ்வளவுதான். கறுத்தது வெளுக்கவும் செய்யும். வெளிச்சம், எண்ணெய், உரசல், அடுப்புச் சூடு எதுவும் ஆகாது. பரணோ அடுப்புக்கு மேலே. டப்பாவில் ஒரு சிறு புட்டியில் நீலகிரித் தைலம் வேறு, யாருக்கோ சளி பிடித்தபோது மறந்து வைத்தது. விளைவாகத் தகவலாளரின் முக்கியமான டிக்கெட் இப்போது வெறும் வெள்ளைத் துண்டு.

"இது எந்த ஊருக்குப் போனது பாப்பா?"

"குண்டல்பேட்டை. சூரியகாந்தி பூத்திருந்தப்ப ஸ்கூல்ல இருந்து போனோம்."

"இதில் ஒண்ணுமே இல்லையே?"

"எனக்குத் தெரியுது."

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னேன். தங்கள் துறையிலும் பாதி ஆவணங்களை இந்த முறையில்தான் படிக்கிறார்கள் என்றார். தமிழ்நாட்டு அரசுக்கு ஒரு கோரிக்கை: கட்டணத்தை உயர்த்துவதானால் உயர்த்திக்கொள்ளட்டும், டிக்கெட்டைப் பழைய தாளில் அடிக்கட்டும்.

6. அடித்தட்டு

தொல்லியல் முறைப்படி அடித்தட்டில் கிடைப்பது காலத்தால் மூத்தது. தகவலாளரின் டப்பாவில் அது ஒரு காசு. பித்தளை நிறம், நாலு மூலை, மூலைகள் மழுங்கல். சிலோன் ஐந்து சதம்.

1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தகவலாளர் டப்பாவை ஒழுங்குபடுத்தும்போதும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒரு குவியல் தனியாக விழும். அதில் நூல்கண்டும் உடைந்த வளையலும் இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

தலைமன்னார், ராமேசுவரம், மண்டபம் முகாம் என்று வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்கு ஏற்றப்பட்டனர். 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கி 1976 முதல் கழகமாக இயங்கும் டேன்டீ, பாண்டியார், நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி என்று காட்டைத் திருத்திச் செடி வைத்தது இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அங்கேயும் கொழுந்துதான் பறித்தார்கள், இங்கேயும் அதுவேதான். தாய்நாடு திரும்பியதில் மாறியது அட்டையின் நாட்டினம் மட்டும். கால் விரலிடுக்கில் ஒட்டும் அட்டையைத்தான் சொல்கிறேன், குடும்ப அட்டை அதற்கு முன்பே மாறிவிட்டது.

காசைப் பற்றித் தகவலாளரின் அப்பாயியிடம், அதாவது அப்பாவின் அம்மாவிடம், விசாரித்தேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கோதுமை மாவில் தேங்காய்த் துருவல் போட்டுத் தட்டும் அந்த ரொட்டியும், அம்மியில் இடித்த சம்பலும் சிலோன் வீடுகளின் காலைச் சாப்பாடு. சப்பாத்தி என்று வாய் தவறிச் சொன்னால் கிடைக்காது.

"அது சதம் தம்பி. அஞ்சு சதம். கோச்சி, அதான் ரயிலு, ஏற வர்றப்ப மடியில இருந்துச்சு. செலவழிக்கிறதுக்குள்ள கப்பல் ஏத்திட்டாங்க."

"அதைப் பேத்திகிட்ட ஏன் குடுத்தீங்க?"

"கேட்டா. குடுத்தேன். இங்க அதுக்கு ஒரு முட்டாயி குடுப்பானா?"

மேற்கொண்டு விளக்கம் தர மறுத்து, ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

7. கடிதங்கள்

இப்பிரிவு தகவலாளரின் கண்டிப்பான வேண்டுகோளின்பேரில் நீக்கப்பட்டது.

8. டப்பாவில் அடங்காதவை

ஆய்வு இங்கே ஒரு முறையியல் சிக்கலைச் சந்திக்கிறது. தகவலாளர்களிடம் 'உனக்குப் பிடித்தது எது' என்று கேட்டால், டப்பாவில் இருக்கும் எதையும் அவர்கள் சொல்வதில்லை. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்து, எட்டுப் பத்து நாள் கழித்துக் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்குமே, அந்த வாசனை என்றார் ஒருவர். மல்லிகைபோல இருக்கும், ஆனால் மல்லிகைக்குத் தலையில் வைக்கும் உத்தியோகம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை. மூன்று நாளில் வாடிவிடும். அந்த மழைக்கே இங்கே பூ மழை என்றுதான் பெயர். அது சரியான தேதியில் பெய்ததா இல்லையா என்பதில்தான் தோட்டக்காரரின் அந்த வருஷக் கடன் நிற்கிறது. பெரியவர்கள் அதைக் கணக்காக முகர, பிள்ளைகள் வாசனையாக முகர்கிறார்கள்.

இன்னொருவர் சொன்னது கட்டன் சாயாவும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும், தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சட்னியும். ஆனால் நிபந்தனை உண்டு. வெளியே மழை கொட்ட வேண்டும், கரண்ட் போயிருக்க வேண்டும், மறுநாள் பள்ளிக்கூடம் லீவு என்று கலெக்டர் அறிவித்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் கிழங்கு ருசிப்பதில்லை என்பது சோதனையில் உறுதியானது. கலெக்டரின் அறிவிப்பை யாரும் டப்பாவில் சேமிப்பதில்லை என்பது வியப்பே. நீலகிரி வரலாற்றில் இந்த அளவுக்கு அன்போடு எதிர்பார்க்கப்பட்ட அரசாணை வேறில்லை.

அட்டைக் கடியை ஓர் இன்பமாகச் சேர்க்கலாமா என்று நீண்ட நேரம் விவாதித்தோம். கடிக்கும்போது தெரியாது. உப்போ சுண்ணாம்போ வைத்து எடுத்த பிறகும் ரத்தம் நிற்காது. ஆனால் ஊட்டியிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்த உறவுக்காரப் பையன் முதன்முதலாகத் தன் கணுக்காலைப் பார்த்து அலறும் அந்தக் கணம் இன்பம்தான் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தனர். உறவுக்காரப் பையனின் கருத்து கேட்கப்படவில்லை.

அப்படியானால் டப்பாவில் இருப்பவை எதற்கு? மழை, வாசனை, அலறல் ஆகியவற்றை எடுத்து வைக்க முடியாததால், அந்தச் சமயத்தில் கையில் இருந்த கொட்டையையும் டிக்கெட்டையும் சாட்சிக்கு எடுத்து வைக்கிறார்கள் என்பது என் துணிபு. வழக்கு எதுவும் இல்லாதபோதே சாட்சி சேர்த்து வைப்பது கூடலூர்க்காரர் பழக்கம். அதற்குக் காரணம் உண்டு.

9. உரிமைப் படலம்

கூடலூர் நிலங்கள் பல நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்தவை. அவற்றை, பயிரிடுவோர் அரசுக்கு நேரே வரி கட்டும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவர 1969-இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1974 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே தோட்டக் கம்பெனிகள் வழக்குப் போட, சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்க, அந்தச் சேர்க்கையையே எதிர்த்து வழக்கு மேலே போக, 2007 ஜனவரி 11-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து ஐ.ஆர். கொயலோ வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்து நீதிமன்றம் சோதிக்கலாம் என்றார்கள். இந்தியாவின் சட்டக் கல்லூரி மாணவர்கள் அனைவரும் அந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்கிறார்கள். அது கூடலூர்க்காரர்களின் தகராறு என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. கூடலூரில் அந்த ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் சிக்கிய நிலம் என்றால் குழந்தைக்கும் புரியும். அந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் பட்டா இல்லாமல், பட்டா இல்லாததால் மின் இணைப்பும் எளிதில் கிடைக்காமல் பல்லாண்டாகக் காத்திருக்கிறார்கள். தாத்தா வைத்த மிளகுக் கொடி இருக்கும், வீட்டு வரி ரசீது இருக்கும், பட்டா இருக்காது.

இந்த ஊரில் ஓர் இளையவர் 'இது என்னுடையது' என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய ஒரே அசையும் அசையாச் சொத்து இந்த டப்பா என்று முடிவுரை எழுதத் தயாராக இருந்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு அந்த முடிவுக்கு எதிர்வழக்கு வந்தது. முறுக்கு போட்டு வைக்க டப்பா தேவைப்பட்ட தகவலாளரின் தாயார் பரணில் கைவைத்தார்.

"டப்பா என்னோடது. எங்கண்ணன் மஸ்கட்ல இருந்து எனக்குக் கொண்டாந்தது. உள்ள கெடக்கிற குப்பை வேணா உன்னோடது."

"அஞ்சு வருஷமா நான்தானே வச்சிருக்கேன்!"

மலபார் நில முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மண் ஜன்மியுடையது, அதில் நட்டு வளர்த்த மரத்துக்குக் குடியானவர் பாத்தியதை கொண்டாடுவது குழிக்காணம். தகரம் அம்மாவின் ஜன்மம், கொட்டையும் டிக்கெட்டும் மகளின் குழிக்காணம். குடியானவரை வெளியேற்ற வேண்டுமானால் அவர் செய்த அபிவிருத்திக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். ஈடாக ஒரு பிளாஸ்டிக் டப்பா தரலாம் என்று தாயார் இறங்கி வந்தார். பிளாஸ்டிக்கை அடித்தால் சத்தம் வராது, யானை வந்தால் என்ன செய்வது என்று மகள் பொது நலன் சார்ந்த வாதம் ஒன்றை முன்வைத்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை, தாயாரும் எதிர்பார்க்கவில்லை.

வழக்கு மேல்முறையீட்டில் அப்பாயியிடம் போனது. அவர் இரு தரப்பையும் கேட்காமலேயே தற்போதைய நிலை தொடரலாம் என்று இடைக்காலத் தீர்ப்பு வழங்கினார். டப்பா பரணிலேயே இருக்கும். முறுக்கு பிரஷர் குக்கரில் போட்டு மூடப்பட்டது, கேஸ்கட் இருப்பதால் காற்றுப் புகாதாம். அடுத்த ஒரு வாரமும் வீட்டில் சோறு சட்டியில்தான் வடிக்கப்பட்டது.